அடுக்கி வெச்சது யாரு?

பொத்தானை அமுக்கியதும் கண்ணை மூடிக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் காதை வைத்துவிடுகிறார். திரைப் பக்கம் பார்ப்பதே இல்லை. கொண்டுவந்த ஆள், "அக்கா, ஏதோ எழுத்து வருது பாருங்க... ஐயோ, போயிடுச்சு பாருங்க" என்று கிடந்து தவித்தாலும் தலை நிமிராது. ஒற்றை விரல் மட்டும் மேலே எழும். "பொறுங்க." உள்ளே காற்றாடி சுற்றத் தொடங்குகிறது. ஒரு சின்ன 'பீப்'. பிறகு கரகரவென்று டிஸ்க் ஓடும் ஓசை. அதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் கண்ணைத் திறப்பார். "மூச்சு நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க."

வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் சொல் 'பொறுங்க'தான் என்பதால் தெருவே அவருக்குப் பொறுங்கக்கா என்று பெயர் வைத்துவிட்டது. அறுபது தாண்டியவர்களும் பொறுங்கக்கா என்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பொறுங்கக்கா என்கிறார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற அந்த அம்மாளுக்கு வயது நாற்பத்தைந்து இருக்கும். காதோரம் நரைத்த முடியில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். அதைத் தேடிக் கடை முழுவதும் புரட்டிப் போட்டுக்கொண்டும் இருப்பார்.

கடை என்று சொல்வதே கொஞ்சம் மரியாதைக்குத்தான். ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சரிவான பொந்து அது. வாசல் பக்கம் நிற்கலாம், நடுவில் குனியலாம், கடைசியில் உட்காரத்தான் முடியும். வருகிறவர்கள் எல்லாரும் தலையில் இடித்துக்கொண்டதால் படிகளின் அடிப்பக்கத்தில் பழைய மவுஸ் பேடுகளை வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறார். இப்போதும் இடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் வலிக்காது, "அம்மா" என்று கத்திவிட்டு அசடு வழிவார்கள்.

அந்தப் பொந்துக்குள் ஒரு மேஜை விசிறி. அதன் கம்பிக்கூண்டு விட்டுப்போய், கேபிள் வயரால் கட்டப்பட்டு, சுற்றுகிற நேரமெல்லாம் தகரத்தில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம் போடும். காலையில் கடையைத் திறக்கும்போது அதைப் போடுவார், சாயங்காலம் பூட்டும்போதுதான் நிறுத்துவார். மழை பெய்து எலும்பு நடுங்குகிற நாளிலும் அது ஓடும். அதனால் அவர் கடையில் யாரும் மெதுவாகப் பேச முடியாது. தன் கம்ப்யூட்டரில் என்ன பார்த்துக்கொண்டிருந்தபோது கெட்டுப்போனது என்பதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், கொஞ்ச நேரம் அதை நிறுத்தக் கூடாதா என்று. மசியமாட்டார். "இந்தச் சத்தத்துக்குள்ள அந்தச் சத்தத்தைப் பிரிச்சுக் கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு. விசிறி நின்னா என் காதும் நின்னுடும்" என்பார். இதை எந்த டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்வது!

இன்னொரு பழக்கமும் உண்டு. எப்படியோ மல்லுக்கட்டி ஒரு கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு வந்து, படங்களும் ஃபைல்களும் வரிசையாகத் தெரிகின்றன. அந்த நிமிஷமே மானிட்டரை உரியவர் பக்கம் திருப்பிவிட்டு, தன் முக்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். எல்லாம் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்து முடிக்கிறவரை திரும்பமாட்டார். "பூட்டைத் திறந்து விடத்தான் கூப்பிட்டாங்க. உள்ள வந்து உக்காருன்னு யாரும் சொல்லலையே" என்பார். அந்தச் சுவரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஈரம் ஊறி உப்பிய சுண்ணாம்புதான். அதை ஏதோ கண்காட்சி மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

கம்ப்யூட்டர்கள் கெட்டுப்போவது பற்றி அவருக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது. வைரஸ், மின்சாரம், தூசி எல்லாம் அப்புறம்தான். முதல் எதிரி, வீட்டில் ஒழுங்கு பண்ணுகிற ஆள். இந்த ஞானம் சொந்த வீட்டில் கிடைத்தது. அவருடைய வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தங்கமான மனுஷன், ஆனால் எதையும் இருக்கிற இடத்தில் இருக்க விடமாட்டார். ஒருநாள் மனைவிக்கு உதவி பண்ணுவதாக நினைத்து, எந்த ஸ்க்ரூ எந்தப் பெட்டியில் கழற்றியது என்று பிரித்து வைத்திருந்த கிண்ணங்களையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று அழகாக அடுக்கி வைத்துவிட்டார். அன்று பொறுங்கக்கா அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருந்தாராம். அதிலிருந்து, கம்ப்யூட்டர் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் "என்ன பண்ணீங்க?" என்று கேட்பதை விட்டுவிட்டார். கேட்டால் உலகத்தில் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள்: "ஒண்ணுமே பண்ணலைக்கா."

அவர் வாயில் வராத சொற்கள் இரண்டு. ஒன்று, 'செத்துப்போச்சு'. மற்றொன்று, 'ஃபார்மேட்'. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது ஆரம்பித்தால் பொறுங்கக்காவின் பொறுமை போய்விடும். "சாவி தொலைஞ்சா வீட்டையா இடிப்பாங்க?" என்று எகிறுவார். இந்த வார்த்தையைத்தான் ஒரு மேஸ்திரியின் மனைவி யார் மூலமாகவோ கேள்விப்பட்டு, ஒரு முற்பகலில் தேடிக்கொண்டு வந்தார்.

முதலில் உள்ளே வந்தது மேஸ்திரிதான். கட்டட வேலைக்காரர், தோளில் சிமெண்டு மூட்டை தூக்குகிற மாதிரி கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி வந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. பின்னாலேயே மனைவி, துண்டில் சுற்றிய கீபோர்டும் ஒரு பையுமாக. இரண்டு பேருமே தலையில் இடித்துக்கொண்டார்கள். மனைவி "அம்மா!" என்றார். மேஸ்திரி வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

"பொறுங்க" என்றார் பொறுங்கக்கா. "மெதுவா இறக்குங்க ஐயா. உக்காருங்க. என்ன ஆச்சு?"

மேஸ்திரி மனைவியைக் கைகாட்டினார். அந்த அம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசப் பழகியவர். விசிறிக்கு மேல் குரலை ஏற்றிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினார்.

"இவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சும்மா. உயிரைக் காப்பாத்திட்டாங்க, அது போதும். ஆனா குரலை எடுத்துட்டாங்க. எப்பேர்ப்பட்ட குரல் தெரியுமா! மேல் மாடியில நின்னு ஒரு அதட்டல் போட்டா, கீழ மணல் சலிக்கிற பொம்பளைங்க சல்லடையைப் போட்டுட்டு ஓடி வருவாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி என் பையன் என்ன பண்ணினான், இவங்களை உக்கார வெச்சு, அன்றாடம் வேணுங்கிற பேச்சையெல்லாம் பேசச் சொல்லி இதுக்குள்ள பிடிச்சு வெச்சுட்டான். ஒரு பொத்தானைத் தட்டினா ஒரு பேச்சு. தட்டினா இவங்க குரல்லயே பேசும்மா! இதை வெச்சுத்தான் எங்க வீட்டுல பேச்சே நடக்குது."

"இப்போ?"

"இப்போ இருட்டு. போட்டா கம்பெனிப் படம் வருது, சுத்துது, சுத்துது, அப்புறம் கன்னங்கரேல்னு ஆயிடுது. ஒரு அம்புக்குறி மட்டும் அநாதையா நிக்குது. வேற எதுவுமே வரலை. பெரிய கடைக்குக் கொண்டுபோனோம். உள்ள இருக்கிறதையெல்லாம் துடைச்சுட்டுப் புதுசாப் போடணும்னு சொல்லிட்டாங்க. துடைச்சா இவங்க குரல் என்னம்மா ஆகும்? வேற எங்கயும் இல்லையே!"

"பையன்கிட்ட காப்பி இருக்காதா?"

"அவன் கப்பல்ல வேலை பார்க்கிறான். நடுக்கடல்ல போன் எடுக்காது. கிளம்புற அன்னிக்கு, 'அம்மா, அடுத்த தடவை வந்து இன்னொண்ணுல ஏத்தித் தரேன்'னான். அடுத்த தடவை, அடுத்த தடவைன்னே போயிடுச்சு." அந்த அம்மாளின் குரல் உடைந்தது. "இவங்க பேசி ஒரு வாரம் ஆச்சும்மா. வீடு வீடாவே இல்லை."

மேஸ்திரி மேஜையை இரண்டு தடவை தட்டினார். இரண்டு தட்டு என்றால் 'வேண்டாம், விடு' என்று அர்த்தமாம். ஒரு தட்டு என்றால் 'ஆமாம்'. மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பொறுங்கக்கா பையைத் திறந்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கேபிள் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம், குண்டு குண்டான எழுத்தில்: 'மவுஸ்', 'ஸ்பீக்கர் இடது', 'ஸ்பீக்கர் வலது', 'சுவர்'. கீபோர்டைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தார். அதிலும் ஒட்டுத்தாள்கள்தான். 'தண்ணி', 'வலிக்குது', 'ஜன்னல்', 'போதும்', 'டிவி சத்தம்'. ஒரு பொத்தான் மட்டும் எழுத்து தேய்ந்து வழவழவென்று வெறுமையாக இருந்தது. அதையெல்லாம் பார்த்த பொறுங்கக்காவின் ஒரு புருவம் லேசாக மேலே போயிற்று. கண்ணை மூடிப் பெட்டியின் மேல் காதை வைத்தார்.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு."

அதன் பிறகு அவர் வேலை செய்ததைப் பார்த்தால், இந்த அம்மாளா விசிறிச் சத்தத்தில் தெருவையே கூட்டுகிறவர் என்று தோன்றும். அவ்வளவு நிதானம். முதலில் வேறொரு மானிட்டரை மாட்டினார். அதிலும் இருட்டு. "பாவம், திரை மேல பழி போடக் கூடாதுல்ல" என்றார். ஸ்பீக்கர், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி பெட்டியைப் போட்டார். இருட்டு. அவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு எழுகிற பாதுகாப்பு முறை ஒன்று உண்டு, அதில் எழுப்பினார். அதே இருட்டு, அதே அம்புக்குறி. மேஸ்திரியின் மனைவி கீபோர்டைச் சுற்றிய துண்டை மறுபடி மடிக்க ஆரம்பித்துவிட்டார். பொறுங்கக்காவோ முகம் மலர்ந்துவிட்டார்.

"எதுக்கும்மா சிரிக்கிற?"

"நல்ல சேதிம்மா. எப்படி எழுப்பினாலும் ஒரே இடத்துல நிக்குதுன்னா, பத்து கோளாறு இல்லை, ஒரே கோளாறுதான். முழிச்சுத்தான் இருக்கு. எந்திரிச்சு வெளிய வர வழி தெரியாம உக்காந்திருக்கு."

மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினார். இருட்டு விலகி ஒரு நீலத் திரை வந்தது. அதிலிருந்து, உள்ளே என்னென்ன வேலை நடக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தார். அங்கிருந்தபடியே முகப்பைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஃபைல்கள் இருக்கிற ஜன்னல் ஒன்று வந்தது, முகப்பு வரவில்லை. "ஓஹோ" என்றார் பொறுங்கக்கா. வயசுப் பையன் தலைமுடியில் புதுச் சாயத்தைக் கண்டுபிடித்த தாய் போடுகிற 'ஓஹோ' அது.

"அம்மா, உங்க பையன் கெட்டிக்காரன். எல்லா கம்ப்யூட்டரும் எழுந்ததும் முதல்ல முகப்பைத்தான் கூப்பிடும். இவன் அதை மாத்தி, நேரா அந்தப் பேச்சு வந்து நிக்கிற மாதிரி பண்ணியிருக்கான். அப்பா எங்கயும் தேடக் கூடாதுன்னு."

"ஆமாம்மா, ஆமாம்! போட்டதும் அதுதான் வரும். மூலையில ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினா அது மூடிக்கிட்டு, இந்த மாதிரி ஃபைல் ஜன்னல் திறக்கும். நான் போட்டோ பார்க்கிறதுக்காக வெச்சுக் கொடுத்தான்."

"அப்போ இது எழுந்ததும் அந்தப் பேச்சைத் தேடிப் போகுது. போன இடத்துல அதைக் காணோம். அதான் இருட்டுல முழிக்குது." கம்ப்யூட்டர் தன் அந்தரங்க விஷயங்களையெல்லாம் எழுதி வைத்திருக்கிற இடத்துக்குள் நுழைந்து, மகன் கொடுத்திருந்த விலாசத்தை எடுத்தார். இரண்டாவது டிரைவில், ஏதோ ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த வாயில் நுழையாத ஒரு பெயர். அந்த விலாசத்துக்குப் போய்ப் பார்த்தார்.

அப்படி ஒரு ஃபோல்டரே அங்கே இல்லை.

இன்னொரு முறை தேடினார். குப்பைத் தொட்டியில் தேடினார். அங்கும் இல்லை. மேஸ்திரியின் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "போச்சா?" என்றார். விசிறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது, உதட்டசைவில்தான் தெரிந்தது. மேஸ்திரி சுவரில் சாய்ந்துகொண்டார். கழுத்துத் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அத்தனை பெரிய உடம்பு சட்டென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது. மேஜையைத் தட்டக்கூட அவர் கை எழவில்லை.

"பொறுங்க" என்றார் பொறுங்கக்கா. இந்தத் தடவை அது கடுமையாக வந்தது. முக்காலியை அந்த அம்மாள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, 'என்ன பண்ணீங்க?' என்பதற்குப் பதிலாக வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"உங்க வீட்டுல அடுக்கி வெக்கிறது யாரு?"

"என்னது?"

"ஒழுங்கு பண்றது, துடைக்கிறது, பேரு எழுதி ஒட்டுறது. யாரு?"

சுவரில் சாய்ந்திருந்த மேஸ்திரி மெல்ல நிமிர்ந்தார். மேஜையை ஒரே ஒரு தடவை ஓங்கித் தட்டி, விரலை மனைவியை நோக்கி நீட்டினார்.

"நானா? நான் ஒண்ணுமே பண்ணலை!" என்று அந்த அம்மாள் கொதித்துப் போனார். "அந்தப் பெட்டியில தூசிகூட நான்தான் துடைப்பேன், அதுவும் காஞ்ச துணியில. ஒண்ணை அழிச்சதில்லை, ஒண்ணைத் திறந்ததில்லை. சத்தியமா ஒண்ணும் பண்ணலைம்மா."

"தெரியும்மா. நீங்க தப்பு பண்ற ஆள் இல்லை. இங்க வாங்க. உள்ள நான் போகமாட்டேன். வரிசையா பேரை மட்டும் நீங்களே படிங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார். "பையன் கப்பல்" என்று படித்தார். "வீடு கட்டின படம். அக்கா பேத்தி. ஆஸ்பத்திரி. எங்க வீட்டுக்காரர். பாட்டு. பழைய பாட்டு..."

"அழகா இருக்கே. இதுக்கெல்லாம் பேரு வெச்சது யாரு?"

"நான்தான்." கொஞ்சம் பெருமைகூட இருந்தது குரலில். "அவன் கன்னாபின்னான்னு என்னென்னவோ எழுத்துல வெச்சிருந்தான். எது எதுன்னே தெரியலை. ஒருநாள் உக்காந்து எல்லாத்துக்கும் ஒழுங்கா..."

அதோடு நின்றுவிட்டார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.

"அது அடுக்கி வெச்சதும்மா" என்றார் ஈனசுரத்தில். "அதைப் போய் யாராவது 'பண்ணினது'ன்னு சொல்லுவாங்களா?"

"அன்னிக்கு அப்புறம்தானே இருட்டாச்சு?"

"அன்னிக்கு மூடிட்டுப் படுத்தோம். விடிஞ்சு போட்டா இருட்டு." அப்புறம்தான் விஷயம் முழுதாக உறைத்தது. "ஐயோ, என் கையாலயே பண்ணியிருக்கேனே! ஒரு வாரமா இவங்க வாயைக் கட்டிப் போட்டது நானா? ஊர்ல உள்ளவங்களையெல்லாம் திட்டினேனே! கடைக்காரனைத் திட்டினேன், கரண்ட் ஆபீஸைத் திட்டினேன்..."

அப்போது மேஜை அதிர்ந்தது. மேஸ்திரி தட்டவில்லை. மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாத சிரிப்பு. தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வந்தது, கழுத்துத் துணி படபடத்தது. மனைவியைக் காட்டி, கேபிள்களில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, நெற்றியில் அடித்துக்கொண்டு, மறுபடி சிரித்தார். சமையலறையில் உப்பு ஜாடிக்கு 'உப்பு' என்று எழுதி, அதன் மூடிக்கும் தனியாக 'உப்பு மூடி' என்று எழுதுகிற பெண்ணை இத்தனை காலம் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிற மனுஷன் வேறென்ன செய்வார்!

"சிரிங்க, சிரிங்க" என்றார் அந்த அம்மாள், அழுதுகொண்டே. "எல்லாம் உங்களுக்காகத்தான்."

பொறுங்கக்காவுக்கும் சிரிப்பு வந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, கழுத்தை வளைத்துத் தலைக்கு மேலிருந்த படியைப் பார்த்தார். உள்ளூர அவர் நிம்மதி அடைந்துவிட்டார் என்பது அந்தக் கடைக்கு வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். காதோர ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜையில் வைத்தார். கோளாறு பிடிபட்டால்தான் அது அங்கிருந்து இறங்கும்.

"எந்த ஃபோல்டரும்மா அது? சரியா ஞாபகம் இருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்னு இருக்கே, அதுதான். வேற என்னன்னு பேரு வெப்பேன் அதுக்கு? சரி, மாத்திடும்மா. அவன் வெச்ச அந்தக் கண்றாவிப் பேரையே திரும்ப வெச்சுடு. இனிமே நான் கிட்டக்கூடப் போகமாட்டேன்."

ஒரு நிமிஷ வேலை அது. பழைய பெயரை அப்படியே போட்டால் எல்லாம் தானாக எழுந்துகொள்ளும். பொறுங்கக்காவின் விரல் கீபோர்டின் மேல் போயிற்று, அங்கேயே நின்றது. குண்டு எழுத்து ஒட்டுத்தாள்களை இன்னொரு முறை பார்த்தார்.

"வேண்டாம்" என்றார்.

"ஏம்மா?"

"நீங்க வெச்ச பேரு நல்லா இருக்கு. அது எதுக்கு மாறணும்? விலாசத்தைத்தான் மாத்திக்கணும். நீங்க சொன்ன பேரை இது பழகிக்கட்டும்."

கம்ப்யூட்டரின் அந்தரங்க இடத்துக்கு மறுபடி போய், மகன் எழுதி வைத்திருந்த வாயில் நுழையாத பெயரை அழித்தார். அந்த இடத்தில் 'எங்க வீட்டுக்காரர்' என்று நிதானமாகத் தட்டச்சு செய்தார். ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தார். தன் மேஜையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் சொருகி, அந்த ஃபோல்டரைத் திறக்காமல் அப்படியே அதில் ஒரு பிரதி எடுத்தார். அதைக் கழற்றி அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "இதுக்கு என்ன பேரு வேணும்னாலும் எழுதி ஒட்டிக்குங்க. மூடிக்கும் தனியா எழுதுங்க." உப்பு ஜாடி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த அம்மாள் திகைத்தார். இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் மூடிக்கும் எழுதுவார்கள் என்பது பொறுங்கக்காவின் அனுபவம்.

பிறகு பெட்டியை நிறுத்தினார். ஸ்பீக்கர்களை மாட்டினார். இடது, வலது எல்லாம் காகிதத்தில் எழுதியபடியே. பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக் காதை வைத்தார். காற்றாடி. 'பீப்'. டிஸ்க். கம்பெனிப் படம் வந்தது. சுற்றியது. இருட்டானது. அம்புக்குறி மட்டும் நின்றது. மேஸ்திரியின் மனைவி புருஷனின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒற்றை விரல் மேலே எழுந்தது. "பொறுங்க."

திரை வெளுத்தது. பெரிய பெரிய கட்டங்களாக அந்தப் பேச்சுப் பலகை வந்து நின்றது. தண்ணி, ஜன்னல், போதும், எல்லாம் அங்கேயே இருந்தன.

வழக்கப்படி மானிட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார் பொறுங்கக்கா. முக்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். உப்பிய சுண்ணாம்பை மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

மேஸ்திரி கீபோர்டின் முன்னால் வந்து உட்கார்ந்தார். செங்கல் பிடித்துக் காய்த்துப்போன அந்தப் பெரிய விரல், 'தண்ணி'யைத் தாண்டிப் போனது, 'வலிக்குது' என்பதைத் தாண்டிப் போனது. தேய்ந்து வெறுமையாகிப்போன அந்த ஒரு பொத்தானின் மேல் வந்து நின்றது. அதற்கு மட்டும் அந்த அம்மாள் புது ஒட்டுத்தாள் ஒட்டவே இல்லை. அந்த வீட்டில் அதற்கு அவசியம் இருந்ததில்லை.

தட்டினார்.

ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் வந்தது. கரடுமுரடான குரல், கட்டட வேலைக்கு நடுவே கூப்பிடுகிற குரல். விசிறியின் கடகடப்பில் பாதி அமுங்கிப்போய், ஓரம்தான் கேட்டது.

"இந்தா... எங்க போயிட்ட?"

"இங்கதாங்க இருக்கேன்!" என்றார் அந்த அம்மாள். பக்கத்திலேயே, அவர் சட்டையைப் பிடித்தபடிதான் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் பின்கட்டிலிருந்து ஓடி வருகிற மாதிரி அவசரமாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

மேஸ்திரி மறுபடியும் அந்தப் பொத்தானின் மேல் விரலை வைத்தார்.

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பொறுங்கக்கா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவி, விசிறியை நிறுத்தினார்.